பத்தொன்பது நாளாக எழாத ரோபோ

சோறு போதும் என்றால் எத்திராஜ் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி ஆட்டுவார். இன்னும் வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலை மேலே தூக்கி ஒரு சுழற்று. கிரேன்காரர்களுக்கு அது ‘தூக்கு’ என்ற சைகை. துறைமுகத்தில் இருபது வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவருக்கு வீட்டிலும் அதே பாஷைதான். “வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு கீற?” என்பாள் மனைவி நீலா.

காலை ஷிஃப்ட் முடிந்து திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து, குளித்து, சரியாக ஐந்தரைக்கு டி.வி. முன் சப்பணமிட்டுவிடுவார். கேபிளில் ஜப்பான்காரர்கள் எடுத்த கார்ட்டூன் தொடர், இந்தியில் ஓடும். ஏழு மாடி உயர ரோபோ. அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்ட ஒரு பையன். பதினைந்து நாள் ஆகியும் ரோபோ ஒரு தடவைகூட எழவில்லை. பையன் அழுகிறான், அவ்வளவுதான் கதை. எத்திராஜுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் என்ன, சீட்டும் லீவரும் தெரியாதா! “நம்ம கேபின் மாதிரியே கீது பாரேன்” என்று அநியாயத்துக்குப் பூரித்துப்போவார்.

சங்கடம் என்னவென்றால், அதே ஐந்தரைக்குத்தான் நீலாவின் சீரியல். விடியலிலிருந்து காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வருகிறவளுக்கு அந்த அரைமணிதான் சுகம். அந்தப் பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை, சண்டை முற்றி ஒப்பந்தம் போட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ரோபோ எழுந்தால் தொடர் முடியும்வரை டி.வி. அவருக்கு, எழாவிட்டால் ரிமோட் அவளுக்கு, மறுபேச்சே கிடையாது.

யார்டில் கீழே நின்று அவருக்குச் சைகை காட்டும் லியோனார்டும் விட்டுவிடச் சொன்னார். “வுட்டுத் தள்ளு நைனா, பேஜாரு புடிச்ச படம்.” எத்திராஜுக்குச் சுருக்கென்றது. கேபினிலிருந்து பார்த்தால் தரை பாதி தெரியாது. பதினோரு வருஷமாக லியோனார்டின் விரல் சுழலாமல் அவர் ஒரு பெட்டியைத் தூக்கியதில்லை.

“பையன் மேல தப்பு இல்லபா. அவனுக்கு சிக்னல் குட்த்துகினு இருந்த தோஸ்து மொத நாளே செத்துட்டான். கீழ ஆளு இல்லாம எவன் தூக்குவான்?”

லியோனார்ட் டீயைக் குடித்து முடித்துக் கிளாஸை வைத்தார்.

பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, நீலாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள், ரிமோட்டை வாங்கத்தான். ஊர் எரிந்தது. எதிரி சிரித்தான். பையன் லீவரைப் பிடித்தபடி வழக்கம்போல அழுதான். அன்றைய பகுதி முடிய மூன்றே நிமிஷம்.

“இன்னாயா இது, அழுதுகினே கீறான்?”

லியோனார்டிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னார். ஆனாலும் பேச்சு என்றால் பேச்சு. ரிமோட்டை எடுத்து நீட்டினார். “இந்தாமே, புடி.”

நீலா அதைப் பார்க்கவேயில்லை. டி.வி.க்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்து, மீன்வாடை போகாத வலது கையை உயர்த்தி, அந்தப் பையனுக்கு நேராக ஆள்காட்டி விரலை மெல்லச் சுழற்றினாள்.