கலஹாவில் சாலிஹ் எடுத்த படம்

சென்ற வியாழக்கிழமை காலை சாலிஹின் தம்பி அக்குறணையிலிருந்து கண்டியிலுள்ள எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "நானாவ நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கிட்டோம்" என்றார். ஐந்து நாள் காய்ச்சலாம். இவ்வளவு கிட்ட இருந்தும் கடைசியாக முகம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவரோடு பழகிய உங்களில் பலருக்கும் செய்தி இப்படிப் பிந்தித்தான் வந்திருக்கும்.

நானும் அவரும் ஏழு வருடம் ஒரே ஸ்டூடியோவில் வேலை செய்தோம். அவர் படம் எடுப்பார். கண்ணாடி நெகட்டிவில் பென்சிலாலும் சிறு கத்தியாலும் முகங்களைத் திருத்துவது என் வேலை. வாவிக்கரை ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரர்களுக்கு விற்கும் தபாலட்டைகள்தான் முதலாளியின் பெரிய வியாபாரம். அட்டையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் வேண்டும். கூடை நிறைந்திருக்க வேண்டும். அவள் சிரிக்க வேண்டும். சாலிஹ் அப்படி எத்தனையோ படம் எடுத்துக் கொடுத்தவர். முணுமுணுத்ததுகூட இல்லை.

ஒரு தடவை கலஹாவில் ஒரு தோட்டத்துக்கு அவரோடு நானும் போனேன். அன்று படத்துக்கு நிறுத்திய பெண்ணின் பெயர் மூக்காயி. வேலை முடிந்ததும் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எப்பவும் கூடையோடதான் புடிக்கிறீங்க. நான் சும்மா ஒக்காந்திருக்க மாதிரி ஒண்ணு புடிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாள். சாலிஹ் தானே கங்காணி வீட்டுக்குப் போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்தார். அதில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை. அதைவிட நல்ல படம் எங்கள் ஸ்டூடியோவிலிருந்து வந்ததில்லை.

முதலாளிக்கும் அந்த முகம் பிடித்துப்போயிற்று. முகத்தை மட்டும் பெரிதாக்கி அட்டை போடலாம், சிரிக்க வைத்துவிடு என்று நெகட்டிவை என்னிடம் தந்தார். இதை மட்டும் தொட வேண்டாம் என்று சாலிஹ் கேட்டுக்கொண்டார். மூன்று பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் நான். வேலை போய்விடும் என்று பயந்தேன். ஒரு பின்னேரம் முழுவதும் குனிந்திருந்து உதட்டின் ஓரங்களை உயர்த்தினேன்.

அச்சாகி வந்த அட்டையை சாலிஹ் ஜன்னலடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன்.

"நீங்க கெட்டிக்காரன். உண்மையாச் சிரிக்கிற மாதிரியே ஈக்குது. ஆனா அந்தப் புள்ள சிரிக்கல்லயே" என்றார்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டார்.

பிறகு அக்குறணையில் தம்பியின் கடைக்குப் பின்னால் ஒரு துணியைக் கட்டி அங்கே படம் எடுத்தார். இந்தியாவில் இருக்கும் உறவினருக்கு அனுப்பவென்று தோட்டத்துச் சனங்கள் வருவார்கள். சிலர் இரவல் கோட்டில், சிலர் வெறுங்காலோடு. "ஆக்கள் கேக்கிற மாதிரி எடுக்கிறதும் தொழில்தான். கேக்கிற ஆள் யாரெண்டு பாக்கணும்" என்று ஒருமுறை சொன்னார். வசதி என்று எதுவும் சேரவில்லை. கண்டிக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டார். பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரிப்பார். அந்தப் படத்தைப் பற்றி இருவரும் பேசவேயில்லை. இந்தமுறை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். தேநீர் குடித்து, பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நேற்று ஓர் ஆசிரியையின் நெகட்டிவ் என் மேசைக்கு வந்தது. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சுத்தமாக்கு என்றார் முதலாளி. மாதிரிப் படம் பார்க்க அந்த அம்மா வந்தபோது எழுந்துபோய் அவரிடமே கேட்டேன். "மலாயாவில இருக்கிற மகனுக்கு அனுப்பத்தான் எடுத்தனான். அவன் அறிஞ்ச முகமாவே இருக்கட்டும்" என்றார். ஒரு கோடும் போடாமல் அச்சுக்குக் கொடுத்தேன். முதலாளி ஏசினார்.

சாலிஹிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு தயக்கம். பென்சிலை எடுத்ததும் கை சற்று நிற்கிறது. பத்து வருடத்துக்கு முன்பே நின்றிருக்க வேண்டிய கை.