ஆடிக் காத்தில் பழகிய பந்து

இதை எழுத நாலைந்து வருஷமாகத் தயங்கினேன். எங்கள் மாதா கோயிலில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது என்பார்கள். எனக்குச் சொல்ல அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்குள் கதை வேறு மாதிரி நடமாடுகிறது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. திராட்சைத் தோட்டத்தில் வேலை. பந்தலுக்கு அடியில் நாள் முழுக்கக் கையைத் தூக்கியே நிற்க வேண்டும். சாயங்காலம் கை இறங்கினாலும் தோளில் வலி இறங்காது. அந்தத் தோளோடுதான் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் மகளுக்குப் பந்து பொறுக்கிப் போடுவேன்.

அவள் பாஸ்கெட்பால் ஆடினாள். மதுரையில் ஆள் எடுக்கிற விளையாட்டு விடுதியில் சேர வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. ஆனால் குள்ளம். வளையத்துக்குப் பக்கத்தில் போனால் உயரமான பிள்ளைகள் மறித்துவிடும்.

"உனக்கு வழி தூரத்துலதான் இருக்கு ஆத்தா. மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளிய நின்னு போடு," என்று பி.டி. டீச்சர் சொல்லிக்கொடுத்தார். கையால் தள்ளக் கூடாது, முட்டியை மடக்கிக் காலிலிருந்து எழும்ப வேண்டும், முழங்கை வளையத்துக்கு நேராக நிற்க வேண்டும், கடைசியில் மணிக்கட்டு மடங்கி விரல் நுனி பந்தை விட வேண்டும். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டார். காற்றும் ஆரம்பித்துவிட்டது.

மைதானத்தில் இரண்டு வளையம். வடக்கே இருந்தது உடைந்து தொங்கியது. தெற்கு வளையத்தைப் பார்த்து நின்றால் மேற்கு மலையிலிருந்து வருகிற மேல்காற்று வலது கன்னத்தில் அறையும். பந்து பாதி வழியில் இடது பக்கம் ஒதுங்கிப் போகும்.

சைக்கிளில் வந்த என் மச்சினன் நின்று பார்த்தான். "என்ன மாமா, பந்து மேகமலைக்கு பஸ் ஏறிருச்சு? டிக்கெட் எடுத்துக் குடுத்தீகளா?"

"போடா, உன் சைக்கிளே பின்னால நகருது."

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுப் பந்தை எடுங்க," என்று மகள் கத்தினாள்.

நான் மாதாவுக்கு நவநாள் ஜெபம் இருந்தேன். வேலை முடிந்ததும் மாதா சிலை இருக்கிற குகை மாதிரியான கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். அதுவும் அணைந்து அணைந்து போகும். "தாயே, காத்தை மட்டும் நிறுத்திக் குடு," என்று கேட்பேன். ஆடி முழுக்கக் காற்று நிற்கவில்லை. மகளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வளையத்துக்கு ஒரு முழம் வலப்பக்கம் பார்த்துப் போட்டாள். காற்று அதை இழுத்து வந்து வளையத்துக்குள் விட்டது. அப்புறம் விழுந்துகொண்டே இருந்தது. அது சரியா தப்பா என்று கேட்க டீச்சர் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து விழுகிறது என்பதுதான்.

மதுரையில் தேர்வு நடந்தது ஒரு மூடிய அரங்கத்தில். உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தால் சுடர் ஆடியிருக்காது.

முதல் பந்து வளையத்துக்கு வலப்பக்கம் பலகையில் பட்டுத் தெறித்தது. அடுத்ததும் அதே இடம். நேராகப் போடப் பார்த்தாள், முடியவில்லை. அவள் பாதமே வலப்பக்கம் திரும்பி நிற்கப் பழகியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த என் வாய் நின்றுவிட்டது. நான் கேட்டபடி காற்று நின்றிருந்தது.

பேர் வாசித்தார்கள். அவள் பேர் இல்லை.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்போது ஜன்னல் வழியே காற்று முகத்தில் அடித்தது. "வந்துட்டாரு பாருப்பா, உங்க ஆளு," என்று சிரித்தாள். பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கு அவள் தலையில் கை வைக்கக்கூடத் தெம்பில்லை.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மாதா கேட்டதைக் குடுத்தாகதானே. கேக்கத் தெரியாமக் கேட்டது நீங்க."

மறுநாளிலிருந்து காற்று எழும்புவதற்கு முன்னால், விடிகாலையில் போனோம். பாதத்தை நேராக்கவே ரொம்ப நாள் பிடித்தது. அடுத்த தேர்வுக்குள் வயது தாண்டிவிட்டது. இப்போது தேனியில் கல்லூரி. ஞாயிறு பூசை முடிந்ததும் அதே மைதானத்தில் போடுகிறாள். சிலது விழும், சிலது விழாது. பொறுக்கிப் போடுவதற்கு நான்தான். முட்டி வலிக்கிறது. மாதாவிடம் காற்றைப் பற்றி இப்போது பேசுவதில்லை. அவள் போதும் என்கிறவரை என் கால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? மாதா காற்றை நிறுத்தினார்கள், பிள்ளை எல்லாப் பந்தையும் போட்டு ஜெயித்துவிட்டது என்கிறார்கள். அதை நம்பித் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர் மெழுகுவர்த்தியோடு வந்து எப்படி வேண்டிக்கொள்வது என்று என்னிடம் கேட்டார்.

அதனால், யாரிடமாவது இதைச் சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். காற்று நின்றது. பந்து விழவில்லை. விழாத பந்தை நீங்கள் உள்ளே தள்ளிவிட வேண்டாம். அதை அவள் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.