இருபது வரிக்கு இடம்

தருமபுரியில் கணினி கற்றுத்தரும் நிலையம் ஒன்று புதிதாகத் திறந்த ஆண்டில் நான் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு கணினிக்கு இருவர்: ஒருவர் கடிதத்தை வாசிக்க, மற்றவர் அடிப்பார். எனக்கு இணையாக வாய்த்தவர் இண்டூரிலிருந்து வரும் ஓர் அக்கா. பாலக்கோட்டில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தார். நிலையத்தின் தேர்வில் தேறினால் அவருடைய வேலை நிரந்தரமாகும். இருபது வரிக் கடிதம் ஒன்றைக் கால் மணி நேரத்தில் பிழையின்றி அடித்து முடிப்பதே தேர்வு.

அக்காவின் விரல்கள் வேகமானவை. சிக்கல் திரையில் இருந்தது. தட்டச்சுப் பொறியில் அடித்ததெல்லாம் தாளில் கண்ணெதிரே நிற்கும். கணினியிலோ, எந்த விசைக்கு என்ன பலன் என்று விளக்கும் மெனு திரையின் மேற்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது. கடிதம் வளர வளர, முதல் வரிகள் அதற்கு அடியில் புகுந்து மறைந்தன. அக்கா பதறி மேலே போய்ப் பார்ப்பார்; திரும்பி வருவதற்குள் விட்ட இடம் தவறிவிடும்.

"அனுப்புநர் எங்க பாப்பா போனாரு? இப்பத்தான அடிச்சேன்."

"மேலதான் இருக்காருங்க்கா, மெனுவுக்குப் பின்னால."

"எங்கூட்டு மாமியார் கட்டிலாட்டம் பாதி எடத்த இதுவே புடிச்சுக்குது."

நான் அதிகம் பேசாதவள். ஆனால் கையில் கிடைத்த குறிப்பை அடிக்குறிப்பு வரை படிப்பவள். நிலையத்தில் பாடம் நடத்தும் சார் தந்த நகலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: கண்ட்ரோலோடு ஜே, பிறகு எச், பிறகு ஓர் எண். மூன்று என்றால் மெனு முழுதும் தெரியும். பூஜ்யம் என்றால் ஒன்றும் தெரியாது. தேர்வுக்கு முந்தைய நாள் பூஜ்யத்தை அடித்தேன். மெனு மறைந்தது.

அக்கா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஒடச்சிப்புட்டியா? சார் வந்தா நீ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருவேன்."

பிறகு மெல்ல முன்னே குனிந்தார். அனுப்புநர் முதல் இப்படிக்கு வரை, கடிதம் முழுவதும் திரையில் நின்றது. அவர் விரலால் வரிகளை எண்ணினார். இருபது. ஆனால் கடிதத்தைச் சேமிக்கும் விசைகள் மறைந்த மெனுவில் இருந்தவை. இருவருக்குமே அவை மனப்பாடமில்லை.

"பாத்தியா, மாமியார வெரட்டுனா உப்பு டப்பா எங்கன்னு தெரியல."

குறிப்பைப் புரட்டி விசைகளைச் சொன்னேன். அக்கா கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து, கே, டி இரண்டின் மேலும் தலா ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார்.

மறுநாள் தேர்வு தொடங்கும் முன் மின்சாரம் போய் வந்தது. கணினியை மீண்டும் இயக்கியபோது மெனுவும் பழையபடி வந்து உட்கார்ந்திருந்தது. சார் எங்கள் பின்னால் நின்றார். கடிதத்தைத் தவிர வேறு எதையும் நான் வாசிக்கக் கூடாது.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ட்ரோல், ஜே, எச், பூஜ்யம்.

"மெனு எங்கங்க?" என்றார் சார்.

"ஊருக்குப் போயிருக்குதுங்க சார். நாளைக்கு வந்துரும்."

சார் சிரிப்பை மறைக்க இருமினார். நான் வாசித்தேன், அக்கா அடித்தார். ஒருமுறைகூட மேலே போகவில்லை. இருபதாவது வரி முடிந்ததும் முதல் வரியிலிருந்து ஒருமுறை பார்வையை இறக்கினார். பொட்டு வைத்த விசைகளை அழுத்தினார். பிறகு தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் தாளை உருவக் கை உயர்ந்து, காற்றைப் பிடித்து இறங்கியது.

அச்சாகி வந்த கடிதத்தைச் சார் இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவைத் திறக்காமலேயே சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் காலில் இருந்த செருப்புகளில் ஒன்று என்னுடையது என்பதைப் பேருந்து நிலையம் வரை இருவருமே கவனிக்கவில்லை.