எட்டுக் கிலோ இருநூறு

பாகூர் கடைத்தெருவில் சௌந்தரராஜன் கடைக்கு எண்ணெய் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு போக வேண்டும். கொண்டுபோன தூக்குப் பாத்திரத்தை முதலில் காலியாகத் தராசில் வைப்பார். அந்த எடையைக் கழித்துவிட்டுத்தான் ஊற்றுவார். தினம் வருகிற தூக்காக இருந்தாலும் சரி.

"நேத்து வச்ச அதே தூக்குதான்பா" என்று சலித்துக்கொள்வார்கள்.

"இன்னிக்கு அடியில கரி ஒட்டியிருக்கும்" என்பார்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவர் அவர். தங்கை ப்ரீத்தி நர்சிங் படித்து, பக்கத்திலேயே அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து கடையில் சில வழக்கங்கள் மாறின. பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் தொங்கிய காய்ச்சல் மாத்திரை அட்டைகளை அவள் சொன்னாள் என்று எடுத்துவிட்டார். யாராவது குழந்தைக்கு சிரப் வாங்கிப் போவதைப் பார்த்தால் கூப்பிட்டு நிறுத்துவார். "வூட்டுக் கரண்டியில ஊத்தாதம்மா. ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோட வந்த சின்னக் கோப்பையில ஊத்து. எங்க ப்ரீத்தி சொல்லும்" என்பார். கடைசி வாக்கியம் இல்லாமல் அவர் பேச்சு முடியாது.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு எடையில் மட்டும் நாக்கு புரண்டது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகன் வேந்தன், ஒன்றே கால் வயதாகியும் மெலிந்தே இருந்தான். கரும்புக்காரர் வீரப்பன் கடைக்கு வரும்போதெல்லாம் அவனைப் பார்த்துச் சிரிப்பார். "இன்னா மொதலாளி, அரிசி மூட்டைக்கு நடுவுல பொறந்த புள்ள, வெண்டைக்காயாட்டம் இருக்குது? எல்லாத்தையும் வித்துடுறியா?"

"பத்தரைக் கிலோ இருக்கான். எலும்பு கனம், பாத்தா தெரியாது" என்பார் சௌந்தரராஜன். சொல்லிச் சொல்லி அந்தப் பத்தரை கடையில் நிலைத்துவிட்டது. அங்கன்வாடியில் போன மாதம் எட்டுதான் காட்டியது என்பது அவருக்கும் மனைவி சரண்யாவுக்கும் மட்டும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை வேந்தனுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் காய்ந்தது. ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதித்துவிட்டுத் தொற்று என்றார் டாக்டர். கிலோவுக்கு இவ்வளவு மருந்து என்று மட்டும் குறித்து, தினம் ஒரு ஊசி, ஐந்து நாளைக்குப் போட வேண்டும் என்று எழுதினார்.

ஊசி அறையில் ப்ரீத்திதான் இருந்தாள். வாசல் பெஞ்சில் நாலைந்து பேர். அதில் வீரப்பனும் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"எடை எவ்ளோ அண்ணா?"

சௌந்தரராஜன் பெஞ்சைப் பார்த்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "பத்தரை."

சரண்யா தலையைக் குனிந்துகொண்டாள். ப்ரீத்தி மருந்துக் குப்பியைத் தொடாமல் நின்றாள்.

"எடை மிஷின்ல வச்சிடலாம்."

"நான் சொல்றேன் இல்ல? என்னையே நம்ப மாட்டியா?"

"நம்பாமலா? இது கூடிடுச்சுன்னா கிட்னியையும் காதையும் கெடுக்குற மருந்துண்ணா. அஞ்சு நாளும் இன்னிக்குப் போடுற கணக்குதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தூக்கு எடையைக் கழிக்காம நீ என்னிக்காவது எண்ணெய் ஊத்தியிருக்கியா?"

கண்ணை மூடி சௌந்தரராஜன் தோளில் கிடந்த மகனின் சூடு சட்டையைத் தாண்டிச் சுட்டது. தங்கை மட்டும் தன் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால்? அவளை அப்படி ஏமாற்றப் பார்த்தது தான்தானே?

மகனை உள்ளே இருந்த கட்டிலில் கிடத்தினார். சட்டையைக் கழற்றினார். கொலுசைக் கழற்றினார். இடுப்பு வெள்ளிக்கொடியையும் அவிழ்த்து சரண்யா கையில் கொடுத்தார்.

குழந்தைகளை நிறுக்கும் தட்டில் வைத்ததும் வேந்தன் வீறிட்டுத் துள்ளினான். முள் நிற்கவே இல்லை.

"நீ தூக்கிக்கிட்டுப் பெரிய மிஷின்ல ஏறுண்ணா. அப்புறம் அவன அண்ணி கிட்ட குடுத்துட்டு நீ மட்டும் ஏறு."

ஏறினார். எழுபத்து நாலு இருநூறு. மகனைக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினார். அறுபத்தாறு. ப்ரீத்தி பேனாவை எடுப்பதற்குள் கடைக்காரர் மனது கழித்து முடித்துவிட்டது. பெஞ்சு முழுவதும் அவரையே பார்த்தது.

"எட்டுக் கிலோ இருநூறு" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

வீரப்பன் விடுவாரா? "மொதலாளி! ரெண்டு கிலோவுக்கு மேல கொறையுதே. உன் கடைப் பருப்பையும் இனிமே இங்கதான் கொண்டாந்து நிறுக்கணும் போல!"

பெஞ்சு சிரித்தது. ப்ரீத்தி சிரிக்கவில்லை. எட்டு இருநூறுக்கு மருந்தளவைக் கணக்கிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். மூத்த நர்ஸ் சகாயராணியைக் கூப்பிட்டாள். "அக்கா, என் கணக்கைப் பாக்காம நீங்க தனியாப் போடுங்க." இரண்டும் ஒன்றாக வந்தபிறகே சிரிஞ்சில் மருந்தை ஏற்றினாள். வெளிச்சத்தில் பிடித்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை இறக்கிப் பார்த்தாள். தராசு முன்னால் தான் குனிவதும் இப்படித்தான் என்று சௌந்தரராஜனுக்குத் தோன்றியது.

ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "அழாதடா தங்கம், அத்தைதான்டா" என்றாள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள். "நீ தூக்கிக்கிட்டு உள்ள வந்தப்பவே தெரியும். பத்தரைக் கிலோவ நீ அப்படித் தூக்க மாட்ட."

"ப்ரீத்தி, என் சட்டைப் பையில கடைச் சாவிக்கொத்து இருந்துச்சே" என்றார் திடீரென்று பதறி.

"ரெண்டு தடவையும் இருந்துச்சு இல்ல? கழிஞ்சிடும். போ, அவனுக்குக் கஞ்சி குடு."

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாவது ஊசியும் முடிந்தபிறகு வேந்தன் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டுக்கடலை மென்றான். தூக்கோடு வந்த ஒரு பெண், "புள்ள எவ்ளோ இருக்கான்?" என்று கேட்டாள்.

சௌந்தரராஜன் அவளுடைய காலித் தூக்கைத் தராசில் வைத்தார்.

"எட்டு இருநூறு. அடுத்த மாசம் வந்து கேளும்மா, ஏறியிருக்கும்" என்றார். எண்ணெய் டின்னைச் சாய்த்தபடி, "எங்க ப்ரீத்தி போட்ட எடை, தப்பாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.