ஊர்காவல் படைக்காரரின் தாடி

யுத்த காலத்தில் பதுளையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த எனக்கு ஒரு வேலை ஓயாமல் வந்தது. அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தா என்பார்கள். சவப்பெட்டி வந்து சேருவதற்குள் வேண்டும். சிங்களப் பையனா, தோட்டத்துத் தமிழ்ப் பையனா என்று பார்க்கக்கூட நேரமிருக்காது. முதல் சில முகங்களுக்கு மனசு என்னவோ செய்தது. அப்புறம் மரத்துப் போனது. இன்றைக்கும் அப்படித்தான். கல்யாண வீடும் சாவு வீடும் எனக்கு ஒன்றுதான்.

போன வாரம் மகியங்கனை பஸ்ஸில் ஓர் அம்மா வந்தார். தம்பானைக் காட்டுப் பக்கத்து ஆதிவாசிகளான வேடர் குடும்பம். புருஷன் ஊர்காவல் படையில் சேர்ந்து, எல்லைக் கிராமத்தில் காவல் நின்றபோது சுடப்பட்டுச் செத்தவர். அப்போது வயிற்றிலிருந்த மகளுக்கு இப்போது கல்யாணம். நல்லது நடக்குமுன் செத்தவர்களை அழைத்துச் சொல்வது அவர்கள் வழக்கம். அழைத்தால் மற்றவர்களெல்லாம் வருகிறார்களாம், இவர் மட்டும் வருவதே இல்லையாம். வீட்டிலிருப்பது ஒரே படம். அதிலும் மழுங்கச் சிரைத்த முகம்.

"செத்துப்போன எங்க ஆளுங்களுக்கு இந்த முகம் அடையாளம் தெரியல, அதான் கூட்டிட்டு வர மாட்டேங்கிறாங்க, மாத்தயா. தாடி வெச்சுக் குடுங்க," என்றார் சிங்களத்தில்.

படத்தைத் திருப்பினேன். பின்னால் எங்கள் ஸ்டூடியோ முத்திரை இருந்தது.

ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். நெஞ்சு வரை தாடி. படையில் சேரப் படம் வேண்டும் என்றார். தாடியோடு எடுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொன்னது நான்தான். அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவன் மாதிரி வாயில் வந்ததைச் சொல்லி, பக்கத்துச் சலூனுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவர் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். கையை எடுங்க என்று அதட்டினேன்.

அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். சிரைத்துக்கொண்டு போன அன்றைக்கு வீட்டு நாயே அவரைப் பார்த்துக் குரைத்ததாம். கூடச் சேர்ந்த இரண்டு பேர் தாடியோடுதான் படம் கொடுத்தார்களாம், யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். படைக்கு ஆள் எடுத்த கந்தோரில் எவனோ ஒரு மடையன் இவரை ஏமாற்றிவிட்டான் என்றார் அந்த அம்மா. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வெட்கங்கெட்டவன் நான்.

கம்ப்யூட்டரில் ஒட்டுவதற்குக் கோட்டு, டை, சேலை எல்லாம் இருக்கிறது. தாடி இல்லை. நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோது எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து என் தாடியை வெட்டி அவர் முகத்தில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சட்டமும் கண்ணாடியும் போட்ட படத்தை அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். இது அவர் தாடி இல்லையே, யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"பரவால்ல. அவரு வந்ததும், தாடி குடுத்தது நீங்கதான்னு சொல்றேன்."

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். சிரைக்கச் சொன்னது யார் என்று நான் கடைசி வரை சொல்லவில்லை. சாவு வீட்டுப் படங்கள் அத்தனை செய்தும் வராத பயம் இப்போது வந்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கல்யாணம். அந்த மனுஷன் வந்தால், அவரே சொல்லிவிடுவார்.