ஹெட்லைட்டுக்குள் நெயில் பாலிஷ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு ஷெட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நண்பருடைய ஸ்கூட்டரின் ஹெட்லைட்டைத் திருட்டுத்தனமாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்த நண்பர் எனக்கு மோர் கொண்டுவர உள்ளே போயிருந்தார்.

ஏன் என்கிறீர்களா? சொன்னால் என் மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். போகட்டும், சொல்கிறேன்.

நண்பர் பெயர் மணி. மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறார். பல தலைமுறையாக அந்தப் பக்கமே விவசாயம் பார்க்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். நானோ வேலைக்காகத் திருப்பதிக்கு வந்து வாடகை வீட்டில் இருப்பவன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் ஏராளம். நண்பர் என்று சொல்ல மணி ஒருவர்தான்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஸ்கூட்டர். கையாலேயே கியர் மாற்றுகிற பழைய வண்டி. அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. இரண்டும் ஒரே மாடல். என்னுடையது விஜயபுரத்தில் வேர்க்கடலை மூட்டைகளுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கண்டுபிடித்து, பேசி முடித்து, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கியதே மணிதான்.

தினமும் காலையில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் வரும். ரோஜாப்பூ, சூரியோதயம் எல்லாம் கிடையாது. அன்றைக்குத் தோட்டத்தில் எது கண்ணில் பட்டதோ அதன் படம். மாம்பூ, பிஞ்சு, வேலி மேல் ஓணான், மோட்டார் ரூம் கூரையில் தூங்குகிற பூனை... பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

இப்படிப்பட்ட மனிதரை ஒருவன் சந்தேகப்படுவானா? படுவான். அவன் பழைய வண்டி ரெஸ்டோரேஷன் செய்கிறவனாக இருந்தால் கண்டிப்பாகப் படுவான்.

எங்கள் ஜாதியே அப்படி. மாதத்தில் ஒரு ஞாயிறு சந்திரகிரி கோட்டைக்கு எதிரே பழைய வண்டிக்காரர்கள் கூடுவோம். அங்கே டீயைவிட அதிகமாகப் பரிமாறப்படுவது சந்தேகம்தான். பெயின்ட் அடிக்க வண்டியை விடுமுன் கார்புரேட்டரைக் கழற்றி வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர் இருக்கிறார். மெக்கானிக்கிடம் கொடுக்கிற ஒவ்வொரு பாகத்தையும் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ எடுத்து, அந்த மெக்கானிக்குக்கே அனுப்பிவைக்கிற ஒரு ரிட்டயர்டு ஆசாமியும் இருக்கிறார். 'உன்னை நம்பவில்லை' என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

நானும் சளைத்தவன் இல்லை. பாத்ரூம் குழாய்க்கு வாஷர் மாற்ற வருகிறவர் மட்டமான சரக்கைப் போட்டுவிடுவாரோ என்று, கடையில் நானே பொறுக்கி வாங்கி, நானே மாட்டினேன். அன்றிலிருந்து குழாய் சொட்டுகிறது. ஆனாலும் வாஷர் ஒரிஜினல்!

விஷயத்துக்கு வருகிறேன். என் ஸ்கூட்டரில் உருப்படியாக மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. ஹெட்லைட்டைச் சுற்றி வருகிற ரிம். கம்பெனி போட்ட பித்தளை ரிம். குரோம் உதிர்ந்திருந்ததே தவிர, ஒரு நெளிவு கிடையாது. இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் தகர டூப்ளிகேட். மணியின் வண்டியிலும் பித்தளை ரிம்தான். ஆனால் அவருடையது எப்போதோ அடிபட்டு, ஒரு ஓரத்தில் நெளிந்திருந்தது.

கன்று லோடோடு சென்னைக்குப் போகப்போவதாகவும், அங்கே தெரிந்த குரோம் பிளேட்டிங் பட்டறையில் தன் ரிம்மைக் கொடுக்கப்போவதாகவும், என்னுடையதையும் கொடுத்தால் சேர்த்தே முடித்துக்கொண்டு வருவதாகவும் மணி சொன்னார். எனக்குச் சந்தோஷம். அந்த வாரம் கோட்டைக்கு எதிரே டீ குடிக்கும்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். நம்ம போட்டோ ஆசாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டும் ஒரே மாடல், திரும்பி வரும்போது இரண்டும் பளபளக்கும், எது யாருடையது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவ்வளவுதான். அந்த டீ எனக்கு உள்ளே இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சுமதியின் நெயில் பாலிஷை எடுத்து, ரிம்மின் உள்மடிப்பில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். இது எதற்கு என்று சுமதி கேட்டாள். சொன்னேன். மணியையா, என்றாள். மணியை இல்லை, பொதுவாக ஒரு ஜாக்கிரதைக்கு என்றேன். அவள் பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கி மூடி வைத்துவிட்டாள்.

ரிம் திரும்பி வந்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. மணி முகமெல்லாம் சிரிப்பாக நீட்டினார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவர் தெரு முனை திரும்புகிற வரை காத்திருந்து ரிம்மைத் திருப்பிப் பார்த்தேன்.

சிவப்புப் புள்ளி இல்லை.

காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பித்தளைதான். ஆனால் என் பித்தளையா? டார்ச் அடித்துப் பார்த்தேன். என் ரிம்மில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. உள்மடிப்பில், பக்கத்தில் பக்கத்தில், ஊசி முனை அளவுக்கு இரண்டு குழிகள். விரலால் தடவினால் ஓரத்தில் லேசாக ஒரு மேடு தட்டுப்பட்டது. அடிபட்டு, நெளிவு எடுத்த மேடு! ஆக, நெளிந்த ரிம் எனக்கு. நெளியாத ரிம் அவருக்கு.

அன்றிலிருந்து எனக்கு மணி சம்பந்தப்பட்ட எல்லாமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. வண்டியை எனக்குத் தேடிக் கொடுத்தாரே, அதே மாடல் என்பதால்தானோ? தன் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸாக இருக்கட்டும் என்றோ? எங்கள் பழைய வண்டி வாட்ஸ்அப் குரூப்பில் தன் ஸ்கூட்டர் படத்தைப் போட்டாரே, ஹெட்லைட்டை மட்டும் ஏன் அவ்வளவு கிட்டத்தில் காட்டினார்? காலையில் ஓணான் படம் வந்தால்கூட, இந்த ஓணான் எதற்கு என்று யோசித்தேன். கட்டைவிரல் போடுவதையும் நிறுத்தினேன்.

"நேரா கேட்டுடுங்களேன்" என்றாள் சுமதி.

கேட்டால் உஷாராகிவிட மாட்டாரா? ஆதாரம் வேண்டாமா? அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன் மாதிரி புத்தூருக்குப் போனேன். பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவர்.

மணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். வெயிலில் வந்திருக்கிறேனே என்று மோர் எடுக்க உள்ளே போனார். அந்த ரிம்மைப் பிடித்திருப்பது கீழே ஒரே ஒரு ஸ்க்ரூதான். கழற்றினேன். என் சிவப்புப் புள்ளியைத் தேடி ரிம்மை வெளிச்சத்தில் திருப்பினேன்.

சிவப்பு இல்லை. உள்மடிப்பில் ஒரே ஒரு குழி இருந்தது.

"இன்னாணா, லைட்டு எரியலியா?"

கையில் மோர் சொம்போடு மணி நின்றுகொண்டிருந்தார். பல்பு லூஸாக இருப்பது போலத் தெரிந்தது என்று ஏதோ உளறினேன். பட்டப்பகலில், நின்றுகொண்டிருக்கிற வண்டியில்! அவர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். ரிம்மை நான் எப்படிப் பிடித்திருக்கிறேன் என்று பார்த்தார். பழைய வண்டிக்காரர் ஆயிற்றே... புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

"உள்ள ஒரு புள்ளி கீதா? அது என்னுது. உங்குளுதுல ரெண்டு அடிச்சிகீறேன்."

நான் அந்த ஒற்றைக் குழியை மறுபடி விரலால் தடவினேன்.

"அங்க ஊர்ப்பட்ட ஐட்டம் கெடக்குதுணா. மாத்திக் குட்த்துட்டான்னா உங்குளுக்கு நான் இன்னா பதில் சொல்றது? அதான் போறதுக்கு முன்னாடியே பஞ்ச்ல தட்டிகினு போனேன். பெயின்ட்டு கியின்ட்டுல்லாம் வெச்சா நிக்காது. ஆசிட் தொட்டில போட்டாக்கா பூடும்."

ஆசிட் தொட்டி! பிளேட்டிங் போடுமுன் பாகத்தை ஆசிட்டில் ஊறவைத்து, பழைய குரோம், பெயின்ட், அழுக்கு எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிடுவார்கள் என்று இதே பத்தியில் உங்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். நன்றாகப் புரிந்தது என்று சில வாசகர்கள் எழுதியும் இருந்தீர்கள். உங்களுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை பாருங்கள். சுமதியின் நெயில் பாலிஷ் மட்டும் ஆசிட்டுக்குத் தப்பிவிடும் என்று நம்பியிருக்கிறேன். மணியை நம்பாதவன் நெயில் பாலிஷை நம்பினேன்.

எதை அவர் திருட்டுக்குச் சாட்சி என்று இத்தனை நாள் தடவித் தடவிப் பார்த்தேனோ, அது என் ரிம் தொலைந்துவிடக் கூடாது என்று அவர் போட்ட அடையாளம். என் விரலில் தட்டுப்பட்ட மேடுகூட நெளிவு எடுத்தது இல்லை, கூர்முனை பஞ்ச்சை வைத்துத் தட்டியதில் எழும்பியது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

நானும் நெயில் பாலிஷ் வைத்ததை, அது காணோம் என்று தவித்ததை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் மணி என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். பாதிச் சிரிப்பு.

"பரவாலேதுணா" என்றார் தெலுங்கில். பரவாயில்லையாம். "மோரு குடிங்க. அத்த இப்டி குடுங்க, நானே மாட்டிக்கிறேன்."

அவர் வண்டியில் எத்தனையோ முறை நான் நட்டு முடுக்கியிருக்கிறேன். அவர் ஒருநாளும் கையை நீட்டி வாங்கியதில்லை. அன்றைக்கு வாங்கினார். ரிம்மை மாட்டி, ஸ்க்ரூவை முடுக்கி, ஒருமுறை அசைத்தும் பார்த்துக்கொண்டார். மதியம் வயிறு முட்டச் சாப்பாடு போட்டார். அவர் மனைவி மறு சோறு வைக்க வந்தபோது நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அதோடு எங்கள் நட்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மணி என்னை ஒதுக்கிவிடவில்லை. சந்திரகிரிக்கு எப்போதும் போல வந்தார், டீ வாங்கிக் கொடுத்தார். போட்டோ ஆசாமியிடம்கூட இது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த லோடுக்குச் சென்னை போகும்போது அவரே வந்து, பிளேட்டிங் போட என் வண்டியின் கிக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சந்தேகப்படுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தப்பு என்று தெரிந்த நிமிஷமே சந்தேகம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. ஆனால் எங்கே போகிறது?

கொஞ்ச நாளாக மணியிடமிருந்து காலையில் எந்தப் படமும் வரவில்லை. தோட்டத்தில் வேலை ஜாஸ்தி போல என்று சுமதியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இன்று காலை போன் மினுங்கியது. மணி! பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடிப்போய்த் திறந்தேன். கட்டைவிரல்கூடத் தயாராக இருந்தது.

இரண்டு படங்கள். என் கிக்கர், முன்பக்கம். என் கிக்கர், பின்பக்கம்.

கீழே குட்மார்னிங் இல்லை.