ராமப்பன் லேஅவுட்டுக்கு ஒரு ஸ்டேஷன்

தங்கமணிக்குக் கோபம் வந்தால் என் ஜெராக்ஸ் மிஷினே நின்றுவிடும். அன்று ஷிப்டுக்குப் போக வேண்டியவள், யூனிபார்மோடு கடைக்குள் நுழைந்து செய்தித்தாளை மேஜையில் அடித்தாள்.

"பாத்தீங்களா நசருல்லா பாய்? ஓசூர்லேருந்து புது ஏர்போர்ட்டுக்கு ரயில் விடப் பிளான் போட்டிருக்காங்க. எட்டு ஸ்டேஷன். நம்ம ராமப்பன் லேஅவுட் அதுல இல்ல. ரயில் மட்டும் நம்ம தலைமேல போவுமாம்!"

அவளுக்கு எரியாமல் என்ன செய்யும்? சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து பத்தொன்பது வருஷமாகப் பேரிகை ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. விடியுமுன் மூன்று கிலோமீட்டர் நடந்துபோய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். அந்த நடையில்தான் புருஷன் மாடசாமி லாரியில் அடிபட்டுச் செத்தார். இப்போது மகள் சத்யப்ரியாவும் அதே ரோட்டில் நடக்கிறாள். லேஅவுட் வாசலில் ஸ்டேஷன் வந்தால் அந்த நடை இல்லை. தங்கமணி கேட்டது அவ்வளவுதான்.

அன்றே லீவு போட்டு ரயில் திட்ட ஆபீசுக்குப் போய் விசாரித்து வந்தாள். எங்கள் லேஅவுட்டில் வசிப்பவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று கணக்கில் இருக்கிறதாம். ஸ்டேஷன் வைக்க அது போதாதாம். ஐயாயிரம் பேர் இருக்கிற இடமய்யா இது!

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தை மாதம் கணக்கெடுக்க வந்தவர்கள் எல்லாரிடமும் ஆதாரை வாங்கிப் பார்த்து விலாசம் எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஆதார்களைத் தினம் ஜெராக்ஸ் போடுகிறவன் நான். தேனி, திண்டுக்கல், சிவகிரி, பரமக்குடி. இருபது வருஷம் இங்கேயே குப்பை கொட்டினாலும் ஒருவரும் ஊர் விலாசத்தை மாற்ற மாட்டார்கள். ஆக, கணக்கில் நாங்கள் எல்லாம் விருந்தாளிகள்.

ரயில் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இருபது நாள் இருந்தது. தங்கமணி வீடு வீடாக ஏறி, வாடகை அக்ரிமென்டைக் காட்டி விலாசத்தை மாற்றச் சொன்னாள். ஊரில் ஓட்டுப் போய்விடும் என்றார்கள். ரேஷன் போய்விடும் என்றார்கள். பங்காளி நிலத்தை அமுக்கிவிடுவான் என்றார் ஒருத்தர். எதிர்வீட்டுச் செல்வம்மாள்தான் ஒரே போடாகப் போட்டாள்.

"மொதல்ல உன் கார்டைக் காட்டு தங்கம்."

தங்கமணி பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள். அவள் கார்டில் இருந்தது மாடசாமி ஊரில் கட்டிய வீட்டின் விலாசம். ஒரு பொங்கலைக்கூட அந்த மனுஷன் அதில் கொண்டாடவில்லை.

கடைக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். "அவரு பேரு சொல்ல மிச்சம் இருக்கது அந்த வீடு ஒண்ணுதான் பாய்."

டீ வாங்கி அவள் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, விலாசம் மாத்துற பாரத்தை எடுங்க."

மறுநாள் காலை இ-சேவை மையத்தில் முதல் ஆள் தங்கமணி. பின்னாலேயே தன் கார்டோடு செல்வம்மாள் நின்றாள். அப்புறம் தெருவே நின்றது. கூட்டத்துக்குப் போகும்போது புது விலாசத்தோடு இரண்டாயிரத்துச் சொச்சம் கார்டுகளின் நகல் எங்கள் கையில். என் மிஷின் சூடாகி இரண்டு தடவை படுத்துக்கொண்டது.

கூட்டத்தை நடத்திய அதிகாரி நல்ல மாதிரிதான். ஆனால் நகல் கட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "நேத்து கார்டை மாத்திட்டு இன்னைக்கு வந்து நின்னா எப்படிம்மா? ரயில் வரப் பத்து வருஷம் ஆகும். அதுக்குள்ள நீங்கள்லாம் ஊரப் பாத்துப் போயிட்டீங்கன்னா?"

"நானா?" தங்கமணி மேஜைப் பக்கம் ஒரு அடி முன்னால் போனாள். "எம் புருசன் இங்கதான் சார் செத்தாரு. எம் மவ இங்கதான் நடக்கா. திரும்பிப் போக இருந்த ஊரையும் கார்டுலேருந்து அழிச்சிட்டு வந்து நிக்கேன். நான் எங்க சார் போவேன்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டு, ஆதாரைப் பார்க்காமல் ஒவ்வொரு வீட்டிலும் ஆள்களை எண்ணி மறுபடி கணக்கெடுக்கச் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். செல்வம்மாள் விசிலே அடித்தாள்.

"உக்காருங்கம்மா," என்றார் அதிகாரி.

தங்கமணி உட்காரவில்லை.

"ஆளெண்ண என்னைக்கு வருவாங்கன்னு தேதி போட்டு எழுதிக் குடுங்க சார்."